ஊசி ஆடவில்லை

– இன்னும் இருநூத்தி நாப்பதுதான். நீங்க நூறு தடவ போன் பண்ணிக் கேட்டாலும் இருநூத்தி நாப்பதுதான்.

– அட, கோவிச்சுக்காத ஃபுமி. கேஸைத் திருகித் திருகி என் கையே ஓஞ்சு போச்சு. இவ்ளோ தீனி போட்டும் ஒரு டிகிரிகூட ஏறலைன்னா என்ன அர்த்தம்?

– வேலை நேரத்துல ஃபுமின்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது? ‘அளவு அறை’ன்னு கூப்பிடுங்க. லைன்ல யாராவது இருந்தா சிரிப்பாங்க.

– சரிங்க அளவு அறை அம்மா. மூணாம் கொப்பரையிலேர்ந்து காட்சுஜி பேசறேன். உங்க வீட்டுக்காரர்தான். காலைல நீங்க கட்டிக் குடுத்த சோத்து உருண்டையை இன்னும் பிரிக்கக்கூட இல்ல.

– ஏன், உப்பு ஊறுகா பிளம் வெச்சது பிடிக்கலையா?

– பிளம்மெல்லாம் பிடிக்கும் தாயி. வயித்துக்குள்ள பயம் உக்காந்திருக்கு. அதுக்கு மேல சோறு எங்க போவும்?

– காலைல நிலம் ஆடினதுலேர்ந்து இதே பாட்டு. அதான் நின்னு போச்சே. நாட்டுல ஆடாத வாரம் உண்டா? பயந்தாங்கொள்ளி.

– ஆடினதுக்கு நான் பயப்படல. இந்தக் கொப்பரை முனகுது ஃபுமி. காதை வெச்சுக் கேட்டா இல்ல, நாலடி தள்ளி நின்னாலே கேக்குது. கான்பேகிட்டக் கேளு. நேத்து வந்த பையன், அவனே மூஞ்சி வெளுத்து நிக்கறான்.

– கான்பேக்குப் பூனை கத்தினாலே மூஞ்சி வெளுக்கும்.

– சரி, இதைக் கேளு. கதவு ஓரத்துல பச்சை பெயிண்ட் அடிச்சிருக்குல்ல? அது பழுப்பாயிட்டு வருது. இருநூத்தி நாப்பதுல அது பழுப்பாகி நான் பாத்ததே இல்ல.

– உங்க பக்கம் அழுத்த மீட்டர் என்ன சொல்லுது?

– அதான் காலைல ஆட்டத்துல கண்ணாடி உடைஞ்சு, முள்ளு வளைஞ்சு பல்லிளிச்சிட்டு நிக்குதே. மேஸ்திரிகிட்டச் சொன்னேன். ‘மத்தியானம் மாத்திக்கலாம், அதுவரைக்கும் அளவு அறை சொல்ற எண்ணை வெச்சு ஓட்டு’ன்னுட்டுப் போயிட்டாரு. இப்போ இந்தச் சனியனுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்.

– அப்புறம் என்ன? என் எண்ணை நம்புங்க. இருநூத்தி அம்பது வரணும், பத்து டிகிரி குறையுது. இன்னும் கொஞ்சம் கேஸ் விடுங்க.

– விடமாட்டேன்.

– என்னது?

– விடமாட்டேன்னு சொன்னேன். அரை மணியா நீ ‘குறையுது, விடு’ன்னு சொல்ற, நானும் விடறேன். நடுவுல ஒரு தடவ உன்கிட்டச் சொல்லாமலே கேஸைப் பாதிக்கு இறக்கிப் பாத்தேன். அப்பவும் இருநூத்தி நாப்பதுன்னே. மறுபடி ஏத்தினேன். அப்பவும் இருநூத்தி நாப்பது. கோயில் வாசல்ல கல் சிலைகிட்டப் பேசற மாதிரி இருக்கு.

– சொல்லாம எதுக்கு இறக்கினீங்க? அதுக்குத்தானே நான் இங்க கண்ணு பூத்துப் போய் உக்காந்திருக்கேன்?

– அதுகூட உனக்குத் தெரியலையேன்னுதான் கேக்கறேன். சாதாரண வோல்ட்மீட்டர் ஒண்ணை அந்தக் கம்பியில மாட்டிப் பாத்துச் சொல்லேன். ஒனோதேரா சார் மேஜைல ஒண்ணு கெடக்குமே.

– வோல்ட்மீட்டரா? ஏங்க, கொப்பரைக்குள்ள சூட்டை அளக்கற ரெட்டைக் கம்பி அனுப்பற மின்சாரமே துளியூண்டு. வோல்ட்மீட்டர் அதுல பாதியைத் தானே குடிச்சிட்டு மிச்சத்தைக் காட்டும். என் பொட்டென்ஷியோமீட்டர் அப்படி இல்ல. உங்க கம்பி ஒரு பக்கம் தள்ளுது, நான் இந்தப் பக்கம் டயலைத் திருப்பி அதே அளவு எதிர்த்துத் தள்ளறேன். ரெண்டும் சமமாச்சுன்னா நடுவுல மின்சாரமே ஓடாது, ஊசி ஆடாது. ஒரு சொட்டுகூட எடுக்காம அளக்கற கருவி இது ஒண்ணுதான்.

– இதைக் கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குச் சொல்லிட்ட. பாலத்து மேல நடந்துட்டு வரும்போது.

– அப்பவும் புரியல, இப்பவும் புரியல.

– புரியுதும்மா. ஊசி ஆடலைன்னா சரின்னு அர்த்தம்.

– ஆங்! இன்னிக்கு அது எவ்ளோ அழகா நிக்குது தெரியுமா? ஸ்டாண்டர்டு செல்லோட, அதான் அளவு மாறாத அந்தப் பேட்டரியோட ஒத்துப் பாத்தேன், மயிரிழைகூட அசையல. உங்க கம்பிக்கு மாத்தினேன், அப்பவும் அசையல. மத்த நாள்ல இங்க ஒருத்தர் கதவைச் சாத்தினாலே லேசா நடுங்கும். இன்னிக்கு அதுகூட இல்ல.

– கதவைச் சாத்தினாக்கூட ஆடலையா?

– ஆடல.

– ஃபுமி, எனக்கு இது பிடிக்கல.

– உங்களுக்கு எதுதான் பிடிச்சிருக்கு? இருங்க. போனைக் கீழ வெக்காதீங்க. இப்போ வேணும்னே டயலைத் தப்பான எடத்துக்குத் திருப்பறேன். நூத்தி அம்பதுக்கு. ஊசி ஓரத்துல போய் எப்படி முட்டுதுன்னு உங்களுக்கே சொல்றேன். அப்புறமாவது வாயை மூடிட்டுக் கேஸைத் திறப்பீங்க. இதோ திருப்பிட்டேன். இதோ சுவிட்சை அழுத்தறேன்.

– என்ன ஆச்சு?

– இருங்க, இன்னொரு தடவ அழுத்தறேன்.

– ஃபுமி? முட்டிச்சா?

– ஆடல.

– என்னம்மா சொல்ற?

– நானூறுக்குத் திருப்பிட்டேன். ஆடல. ஜீரோவுக்குத் திருப்பிட்டேன். அப்பவும் ஆடல. ஏங்க, இது எங்க திருப்பினாலும் ஆடல!

– கம்பி கிம்பி அறுந்திருக்கா?

– இருங்க, இருங்க. பேட்டரி இருக்கு. கம்பி இருக்கு. ஐயோ. ஐயோ கடவுளே, பூட்டு!

– என்ன பூட்டு? ஆபீஸ் பூட்டா?

– ஊசிக்குப் பூட்டு! கருவிக்குப் பக்கத்துல சின்னதா ஒரு பிடி இருக்கு. ஊசி தலைமுடியை விட மெல்லிசான நாடாவுல தொங்குது. நிலம் ஆடினா அறுந்துடும்னு அதைப் பூட்டி வெக்கணும். போன வருஷம் ஒண்ணு அறுந்து போய், ஒனோதேரா சார் எங்களையெல்லாம் நிக்க வெச்சு மனப்பாடம் பண்ண வெச்சாரு. நிலம் ஆடினா முதல்ல அடுப்பை அணை, அப்புறம் ஊசியைப் பூட்டு, அப்புறம் மேஜைக்கடியில போ.

– காலைல பூட்டினியா?

– பூட்டினது ஞாபகமே இல்ல. கை தானாப் போயிருக்கும். ஆட்டம் நின்னதும் வெளிய வந்து, உடைஞ்ச டீ கப்பைப் பொறுக்கிட்டு, நேரா உக்காந்து எண்ணு சொல்ல ஆரம்பிச்சிட்டேன். ஆடினதுக்கு முன்னாடி டயல் எங்க இருந்துச்சோ அதையே இவ்ளோ நேரமாச் சொல்லிட்டிருக்கேன். ஏங்க, நான் உங்களைக் கேஸ் விட வெச்சிட்டேன். குறையுது குறையுதுன்னு சொல்லிச் சொல்லி விட வெச்சிட்டேன்!

– அழாத. முதல்ல பூட்டைத் திற.

– திறந்துட்டேன். அம்மாடி! ஓரத்துல போய் அடிக்குது. இருங்க, ஏத்தறேன். இருநூத்தி அறுபது, இல்ல. எண்பது, இல்ல, இன்னும் மேல. இன்னும் மேல இருக்குங்க.

– எவ்ளோ?

– இருநூத்தி தொண்ணூத்தாறு.

– கான்பே! டேய் கான்பே! கேஸை மூடு! முழுசா மூடு! மூடிட்டுத் தண்ணி வால்வுக்கு ஓடு! பிடிச்சுத் தொங்கு, விடாத!... ஃபுமி, இருக்கியா?

– இருக்கேன். முந்நூறு தாண்டினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமில்ல?

– ஏன் தெரியாது? உள்ள இருக்கற சரக்கு அதுக்கப்புறம் கேஸே கேக்காது. தானே சூடேத்திக்கும். போதும்மா, பேசாம எண்ணைச் சொல்லு.

– இருநூத்தி தொண்ணூத்தெட்டு. கேஸ் மூடியும் ஏறுதே!

– சுவர்ல இருக்கற சூடு உள்ள போகுது. தண்ணி ஓடுது, பாப்போம். டேய் கான்பே, கை விட்டுடாதடா! அந்தத் தண்ணி வால்வு ஸ்பிரிங்கை மாத்துங்க மாத்துங்கன்னு போன மாசமே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கையை எடுத்தா டப்புனு மூடிக்குது. எவனோ வீட்டுக் குழாயை மறந்து திறந்து வெச்ச ஞாபகத்துல செஞ்சிருக்கான். ஒரு ஆள் அதோட எந்நேரமும் மல்லுக்கட்டணும். போன் இந்த மூலைல, அது அந்த மூலைல.

– முந்நூத்தி ஒண்ணு.

– சைரனை அடி.

– அடிச்சாச்சு. கேக்குதா?

– கேக்குது. சுவத்துக்கு அந்தப் பக்கம் பொட்டலம் போடற பொண்ணுங்க எழுந்து ஓடறாங்களா பாரு, உன் ஜன்னல்லேர்ந்து தெரியும்.

– ஓடறாங்க. பொட்டலக் கொட்டகை கதவு ரெண்டையும் திறந்துட்டாங்க. ஒருத்தி செருப்பைத் தேடிட்டு நிக்கறா, மத்தவ அவளை இழுத்துட்டுப் போறா. எல்லாரும் போயிட்டிருக்காங்க. முந்நூத்தி நாலு. ஏங்க, நீங்களும் கிளம்புங்க.

– தண்ணி வேலை செய்யுதா பாத்துட்டு.

– வேலை செய்யல! முந்நூத்தி அஞ்சு. ரூல்ஸ்ல என்ன எழுதியிருக்கு? முந்நூறு தாண்டினா எல்லாத்தையும் விட்டுட்டு ஓடணும்னுதானே? நீங்களே எனக்கு வாசிச்சுக் காட்டியிருக்கீங்க. எனக்குப் பயமா இருக்குங்க.

– மூடி ஓரத்துல புகை கசியுது. கண்ணு எரியுது. டேய் கான்பே, மூக்குல துணியைக் கட்டு!

– காட்சுஜி!

– அட, பேர் சொல்லிக் கூப்பிடற. லைன்ல யாராவது இருந்தா சிரிப்பாங்க.

– விளையாடாதீங்க. உங்க கால்ல விழறேன், ஓடிடுங்க. என்னாலதான் இதெல்லாம். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எப்படி வீட்டுக்குப் போவேன்? அந்தக் கதவை எப்படித் திறப்பேன்?

– சரி, சரி. ஓடறேன். ஆனா நீ?

– நானா?

– உன் அறைக்கும் இதுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர். கம்பி நீளமாப் போகக் கூடாதுன்னு உன்னைக் கொண்டாந்து என் முதுகுக்குப் பின்னாடி உக்கார வெச்சிருக்கானுங்க. இது வெடிச்சா முதல்ல போறது உன் ஜன்னல்தான். நீ ஓடினாத்தான் நான் ஓடுவேன்.

– ஓடறேன்.

– சத்தியமா?

– சத்தியமா. நீங்க?

– சத்தியமா. கான்பேயையும் அனுப்பிடறேன். வெளி கேட்டுல, சைக்கிள் நிறுத்தற எடத்துல நில்லு. கூட்டத்துல தேட வெக்காத.

– நீங்களும் பின்பக்கமா சுத்திட்டு வராதீங்க. நேரா வாங்க.

– நேரா வரேன். உன் சோத்து உருண்டையை மடியில கட்டிக்கிட்டேன், பாரு. சைக்கிள் பக்கத்துல உக்காந்து ரெண்டு பேரும் திங்கலாம். மூணு எண்ணுவேன். மூணாவதுல போனை வெச்சிட்டு ஓடணும். திரும்பி அந்த ஊசியைப் பாக்கக் கூடாது.

– பாக்க மாட்டேன்.

– ஒண்ணு. ரெண்டு. ஃபுமி...

– என்ன?

– ஒண்ணுமில்ல. மூணு.

– ஃபுமியே! அடப்பாவிப் பொண்ணே, இன்னும் இங்க என்ன பண்ணிட்டிருக்க? எழுந்திரு! சைரன் கேக்கல?

– ஒனோதேரா சார், நீங்க உள்ள வராதீங்க. வெளிய போயிடுங்க.

– அதாவது, உன் மேலதிகாரி நான். எனக்கு உத்தரவு போடறியா? கேட்டுல தலை எண்ணினாங்க, அளவு அறைல ஒரு தலை குறையுதுன்னாங்க. அறுபது வயசுல ஓடி வந்திருக்கேன். எழுந்திரு!

– நான் வரல சார். நான்தான் சைரன் அடிச்சேன். ஊசி பூட்டியிருந்துச்சு சார். ஆட்டம் நின்னப்புறம் நான் திறக்கல. பூட்டின ஊசியைப் பாத்துப் பாத்து எண்ணு சொல்லி, கொப்பரையை முந்நூறு தாண்ட வெச்சது நான்.

– பூட்டியிருந்துச்சா... கடவுளே. பூட்டணும்னு மனப்பாடம் பண்ண வெச்சேனே தவிர, திறக்கணும்னு ஒரு வார்த்தை நான் சொல்லலையே.

– தீயணைக்கற ஆளுங்க வருவாங்க. கிட்டப் போலாமா கூடாதான்னு கேப்பாங்க. அவங்களுக்காவது ஒரு சரியான எண்ணு சொல்லணும் சார். அதுக்குத்தான் உக்காந்திருக்கேன். சார், எங்க வீட்டுக்காரர் கேட்டுக்கு வந்துட்டாரா? பாத்தீங்களா?

– கான்பேயைப் பாத்தேன். புல்லுல குப்புறக் கெடந்து இருமிட்டிருக்கான். காட்சுஜி பின்னாடியே வரேன்னு சொன்னாராம். வந்திருப்பாரு, வந்திருப்பாரு. இப்போ எவ்ளோ காட்டுது?

– முந்நூத்தி பத்து. சத்தியம் பண்ணிட்டுப் போனை வெச்சேன் சார், ஓடறேன்னு. அவர் ஓடணுமேன்னுதான் அப்படிச் சொன்னேன்.

– பொய் சத்தியமா?

– ஆமா. முந்நூத்தி பதினொண்ணு. பயமா இருக்கு சார். நீங்க போங்க.

– பதட்டப்படக் கூடாது. அதாவது, ஆள் பதறினா கை பதறும், கை பதறினா எண்ணு தப்பும். ஸ்டாண்டர்டு செல்லோட இன்னொரு தடவ ஒத்துப் பாரு. ம். சரியா இருக்கு. இப்போ கொப்பரைக்கு மாத்து.

– முந்நூத்தி பதினொண்ணு. அப்படியே நிக்குது.

– ஊசியைத் தட்டிப் பாரு. பூட்டு?

– திறந்துதான் இருக்கு. உங்க மூச்சு பட்டே நடுங்குது, பாருங்க. முந்நூத்தி பத்து.

– இன்னொரு தடவ பாரு.

– முந்நூத்தி ஒம்பது. ஏழு.

– குறையுது! ஃபுமியே, குறையுதும்மா! பொழைச்சோம்! கேஸை மூடினதுல தானா ஆற ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல முந்நூறுக்குக் கீழ வந்துடும், அப்புறம் ஒண்ணும் ஆகாது. அட, சிரி பொண்ணே! எதுக்கு இப்படி வெளிறிப் போய் உக்காந்திருக்க?

– தானா ஆறாது சார்.

– என்ன?

– முந்நூறு தாண்டினா அந்தச் சரக்கு தானா சூடுதான் ஏறும். தானா ஆறவே ஆறாது. தண்ணி போயிட்டே இருந்தாத்தான் ஆறும். தண்ணி வால்வு, கையை எடுத்தா மூடிக்கும்.

– கான்பேதான் கேட்டுல கெடக்கானே. அப்போ யாரு...

– முந்நூத்தி அஞ்சு.

– அந்தப் புகைக்குள்ளயா? ஐயையோ. போனை எடு! கூப்பிடு அந்த ஆளை! போதும், விட்டுட்டு வெளிய வாய்யான்னு சொல்லு! நகரு, நான் கூப்பிடறேன்.

– தொடாதீங்க சார்! மணி அடிக்கக் கூடாது! அந்த லைன்ல மணி அடிச்சா இங்கேர்ந்துதான் அடிக்குதுன்னு அவருக்குத் தெரியும். நான் ஓடலைன்னு தெரிஞ்சுது, அடுத்த நிமிஷமே வால்வை விட்டுட்டு என்னை இழுத்துட்டுப் போக இங்க வந்துடுவார்.